கார்களுக்கு நடுவே இருசக்கர வாகனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்று வண்டி எடுத்தவரும் இருபது வருடமாக ஓட்டுபவரும் எங்களிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

கார்க்காரர்களைத் திருத்துவது எப்படி என்று இதில் தேடாதீர்கள். அவர்கள் உங்களைப் பற்றி முடிவெடுப்பது மூன்றை வைத்துத்தான்: நீங்கள் இருக்கும் இடம், வரும் வேகம், காட்டும் விளக்கு. மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன.

"அந்த கார்க்காரர் என் மூஞ்சியையே பார்த்தார் சார். பார்த்துட்டே குறுக்க விட்டார். அது எப்படி?"

முகம் உங்கள் பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். சந்திப்பில் தலையைத் திருப்பும் ஓட்டுநர் 'பஸ் வருதா, லாரி வருதா, கார் வருதா' என்று தேடுகிறார். தேடாத பொருள் கண்ணில் பட்டாலும் மனதில் பதியாது. போதாததற்கு, கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில் மூளை படம் எதையும் வாங்குவதில்லை. சட்டென்று இடம், வலம் பார்ப்பவரின் பார்வையிலிருந்து ஒரு பைக் அப்படியே விடுபட்டுப் போகும்.

தூரக் கணக்கிலும் ஒரு கோளாறு இருக்கிறது. சிறிய உருவம் தள்ளி இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் தோன்றும். நேரே வரும் பைக் வெகுநேரம் ஒரு புள்ளியாகவே இருந்து, கடைசி ஒன்றிரண்டு விநாடியில்தான் பெரிதாகும். இவை போக முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலப்புறம் உட்காருவதால் வலது தூண் அவர் முகத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. ஒரு முழு பைக்கையும் ஆளையும் அது மறைக்கும்.

இது நம் ஊருக்கு மட்டுமான கதையல்ல. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை தந்தது. இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்டவற்றில் சுமார் மூன்றில் இரண்டு, அந்த ஓட்டுநர் பைக்குக்கு வழிவிடாததால் நடந்தவை. இடித்தபின் 'கவனிக்கவே இல்லை' என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொய்யாக இருக்காது.

"பகல்லயும் ஹெட்லைட் எரியணுமா? புது வண்டில தானா எரியுதே, அது போதும்ல?"

2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புது இருசக்கர வண்டிகளில் இஞ்சின் ஓடும்போதே முன்விளக்கு எரிய வேண்டும். அதற்கு முந்தைய வண்டி என்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், லோ பீமில். நெரிசலில் ஹை பீம் போட்டால் முன்னால் போகிறவர் கண்ணாடியை மடக்கி வைத்துவிடுவார். அப்புறம் உங்களை அவர் பார்க்க வழியே இல்லை.

போதுமா என்றால், போதாது. விளக்கு உதவுவது முன்னாலும் எதிரிலும் இருப்பவருக்கு. பக்கத்துச் சந்திலிருந்து வருகிறவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. பின்விளக்கையும் பிரேக் லைட்டையும் வாரம் ஒருமுறை சோதியுங்கள்: சுவரோரம் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைத் தனியாகவும் கால் பிரேக்கைத் தனியாகவும் பிடித்துப் பாருங்கள். ஸ்கூட்டரில் இரண்டு கையையும் தனித்தனியாக. இரண்டுக்கும் வெவ்வேறு சுவிட்ச். ஒன்று செத்துப்போய் மற்றது எரிவதால் கவனிக்காமலே ஓட்டுபவர்கள் ஏராளம்.

"கருப்பு ஹெல்மெட், கருப்பு ஜாக்கெட்தான் வச்சிருக்கேன். நெஜமாவே கலர்ல வித்தியாசம் இருக்கா?"

இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. ஒளி திருப்பும் உடை அல்லது பளிச்சிடும் நிற உடை அணிந்தவர்களுக்கு, காயம்படும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. வெள்ளை ஹெல்மெட்டுக்கு, கருப்போடு ஒப்பிட்டால், 24 சதவீதம் குறைவு. பகலில் விளக்கு எரியவிட்டவர்களுக்கு 27.

ஜாக்கெட்டை மாற்ற வேண்டாம். ஹெல்மெட்டின் பின்புறத்தில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒரு பட்டை, வண்டியின் பின்பக்கம் ஒன்று, முதுகில் மாட்டும் பையில் ஒன்று. அந்தப் பை முக்கியம்: பளபளக்கும் ஜாக்கெட் போட்டு அதன் மேல் கருப்புப் பையை மாட்டினால் பின்னால் வருபவருக்குக் கருப்புதான் தெரியும். மழைக்கோட்டு வாங்கும்போது நீலத்தையும் கருப்பையும் விட்டுவிட்டு மஞ்சளை எடுங்கள். அழகாக இருக்காதுதான். ஹெல்மெட்டில் நிறத்துக்கு முன் பார்க்க வேண்டியது ஐஎஸ்ஐ முத்திரையும், தாடையில் இறுக்கிய பட்டையும்.

"ஓரமா போனாத்தானே பாதுகாப்பு? எதுக்கு நடு ரோட்டுல போகச் சொல்றீங்க?"

அதிகம் சண்டை வரும் கேள்வி இது. ஒரு லேனை நீளவாக்கில் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடது, நடு, வலது. இடது ஓரத்தில் மண், மூடியில்லாத குழி, நிறுத்திய கார், தெருவிலிருந்து நீட்டும் வண்டி மூக்கு என்று எல்லாம் இருக்கும். அதைவிட மோசம், நீங்கள் ஓரத்தில் ஒட்டிப் போனால் பின்னால் வரும் கார் 'இதே லேன்ல நுழைஞ்சுடலாம்' என்று முடிவெடுக்கும். உங்கள் கைப்பிடிக்கும் அவர் கண்ணாடிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தாண்டுவார். குழியைப் பார்த்து நீங்கள் அரை அடி விலகினால் கதை முடிந்தது.

நடுப் பங்கில் அல்லது நடுவுக்குச் சற்று வலமாகப் போனால் அவருக்கு இரண்டே வழிதான்: பின்னால் வருவது, அல்லது பக்கத்து லேனுக்கு முழுதாக மாறித் தாண்டுவது. அவரை அப்படி ஓட்ட வைத்தது நீங்கள் இருந்த இடம். ஹாரன் இல்லை, கைகாட்டல் இல்லை.

இதற்கு வரம்பு உண்டு. போக்குவரத்தின் வேகத்துக்கு உங்கள் வண்டி ஈடுகொடுக்கும்போதுதான் இது பொருந்தும். நான்குவழிச் சாலையில் மற்றவர்கள் 90-ல் போக நீங்கள் 50-ல் வலது லேனில் போனால் அது தற்கொலை. அங்கே இடது லேன்தான் உங்களுடையது. அந்த லேனுக்குள் மட்டும் நடுவில் இருங்கள். சிக்னலில் வண்டிகள் நிற்கும் இடத்தில் லேனின் நட்டநடுவில் எண்ணெய் சொட்டியிருக்கும். அங்கே மட்டும் சக்கரத் தடத்தில் போங்கள்.

"நடுவுல போனா பின்னாடி கார் ஒட்டிக்கிட்டு ஹாரன் அடிக்குதே?"

அடிக்கட்டும். ஹாரன் அடிப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார். ஹாரனே அடிக்காமல் ஒட்டி வருபவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

முதலில், உங்களுக்கும் முன்வண்டிக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். பொதுவாக இரண்டு விநாடி போதும்: முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள், 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' சொல்லி முடிக்கும்முன் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டக் கூடாது. பின்னால் ஒருவர் ஒட்டினால் நான்கு விநாடி ஆக்குங்கள். இனி சட்டென்று பிரேக் அடிக்கும் தேவை வராது, அவரும் உங்கள் மேல் ஏற மாட்டார். அடுத்து, வேகத்தைக் குறைப்பதற்கு முன்னால் பிரேக் லீவரை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு விளக்கை மின்னவிடுங்கள். கியரைக் குறைத்து இஞ்சினாலேயே வேகம் இறக்குகிறவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் அப்போது பிரேக் லைட் எரிவதே இல்லை. அதற்கும் அடங்கவில்லை என்றால் இடம் பார்த்து இடதுபக்கம் ஒதுங்கி அனுப்பிவிடுங்கள். அவர் முன்னால் போனபிறகு அவரைக் கண்காணிப்பது எளிது.

"இண்டிகேட்டரை எவனும் மதிக்கிறதில்ல. கை காட்டினாத்தான் நிக்கிறாங்க. ஏன்?"

பாதித் தவறு நம்முடையது. இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இண்டிகேட்டர் தானாக அணையாது. திரும்பி முடித்து இரண்டு கிலோமீட்டர் போன பிறகும் மின்னிக்கொண்டே இருக்கும். இதையே தினமும் பார்க்கும் கார்க்காரர் எந்த பைக் இண்டிகேட்டரையும் நம்புவதில்லை. அணைக்காத இடது இண்டிகேட்டர் இன்னும் ஆபத்து: 'இவன் திரும்பிடுவான்' என்று தெருவிலிருந்து கார் வெளியே வரும். திரும்பியதும் சுவிட்சை அமுக்கி அணைப்பதைக் கட்டைவிரலுக்குப் பழக்குங்கள்.

மறுபாதி, நேரம். திரும்பிக்கொண்டே போடுகிறோம். ஊருக்குள் குறைந்தது மூன்று விநாடி முன்பும், நெடுஞ்சாலையில் ஐந்தாறு விநாடி முன்பும் போடுங்கள். கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் தலை திருப்பிப் பார்வை, அப்புறம் நகர்வு. அந்தத் தலைத் திருப்பலே ஒரு செய்தி. கை காட்டினால் நிற்பதற்குக் காரணமும் அதுதான்: விளக்கு மின்னுவது இயந்திரம், கை நீட்டுவது ஆள். கை காட்டலாம், தப்பில்லை. ஆனால் பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் கை காற்றில் இருக்கக் கூடாது.

"முன்னாடி லாரி வலது இண்டிகேட்டர் போட்டா 'ஏறிக்கோ'ன்னு அர்த்தமா, 'ஏறாத'ன்னு அர்த்தமா?"

இரண்டும் உண்டு. அதுதான் சிக்கல். சிலர் 'வழி இருக்கு, போ' என்பதற்குப் போடுகிறார்கள். சிலர் நிஜமாகவே வலதுபக்கம் திரும்பப் போகிறார்கள். இரவில், எதிரே வருபவருக்குத் தன் வண்டியின் அகலத்தைக் காட்டவும் போடுவார்கள். எனவே லாரி காட்டும் விளக்கை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்ச்சாலை உங்கள் கண்ணுக்கே தெரிந்தால் ஏறுங்கள், இல்லாவிட்டால் பின்னாலேயே வாருங்கள்.

இதே இனத்தைச் சேர்ந்தது, 'நேரா போறேன்' என்று சொல்ல நான்கு இண்டிகேட்டரையும் போடும் பழக்கம். பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும். 'திரும்புறான்' என்று நினைத்து நுழைந்துவிடுவார். நேரே போக எந்த விளக்கும் வேண்டாம். நான்கும் எரிய வேண்டியது வண்டி பழுதாகி நிற்கும்போது.

"எதிர்ல வர்ற கார் லைட் அடிச்சுக் காட்டினா நமக்கு வழி விடுறாருன்னு எடுத்துக்கலாமா?"

கூடாது. சில நாடுகளில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. இங்கே லைட் அடித்தால் 'நான் வந்துக்கிட்டே இருக்கேன், நில்லு' என்றே பொருள். குறுகிய பாலத்திலும், டிவைடர் இடைவெளியில் வலது திரும்பும்போதும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உண்மையிலேயே வழிவிடுபவர் வேகத்தைக் குறைப்பார், காரின் மூக்கு லேசாகக் குனியும். அதைப் பாருங்கள்.

"ஹாரன் அடிச்சுக்கிட்டே போனா சேஃப்தானே?"

எல்லாரும் அடிக்கும் ஊரில் அது மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடும் காருக்குள் ஸ்கூட்டர் ஹாரன் கேட்பதே சந்தேகம். ஒருவர் உங்களைக் கவனிக்கவில்லை என்று தெரியும்போது ஒருமுறை அழுத்துங்கள், அதே நேரத்தில் பிரேக்கிலும் விரல் இருக்கட்டும். ஹாரனை நம்பி வேகத்தைக் குறைக்காமல் போவதுதான் கெடுதல்.

"கார் சைடு மிரர்ல டிரைவர் முகம் தெரிஞ்சா அவருக்கு நான் தெரிவேன்னு சொல்றாங்களே?"

தெரிய வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவே. முகம் தெரியவில்லை என்றால் அவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். அதைத்தான் உறுதியாகச் சொல்லலாம்.

காரின் பின்கதவை ஒட்டிய இரு பக்கமும் மறைவிடம். ஓட்டுநர் வலப்புறம் இருப்பதால் இடப்பக்கம் தரையை ஒட்டிய பகுதி அவருக்கு இன்னும் தெரியாது. நாமோ இடதுபக்கச் சந்தில்தான் நுழைகிறோம். அங்கே நிலையாகப் போகாதீர்கள்: ஒன்று தாண்டி முன்னால் போங்கள், இல்லை பின்வாங்கி அவர் கண்ணாடிக்குள் வாருங்கள். முன்சக்கரம் லேசாக உங்கள் பக்கம் சாய்வது, ஓட்டுநரின் தலை அசைவது, அவர் லேனில் முன்னால் வண்டிகள் நின்று உங்கள் லேன் மட்டும் காலியாக இருப்பது: மூன்றும் 'இவர் இங்கே மாறப்போகிறார்' என்பதற்கான அறிகுறிகள். காலி லேன்தான் இவற்றில் பெரிய அறிகுறி. நாம் நுழைய நினைக்கும் காரணத்துக்காகவே அவரும் நுழைவார்.

உங்கள் வண்டிக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தால் இங்கே சொல்வதில் பாதி உங்களுக்குப் பயன்படாது. மாட்டுங்கள்.

"பஸ் நின்னுட்டு இருக்கு. இடதுபக்கம் சந்து இருக்கு. பூந்துடலாமா?"

வேண்டாம். படியிலிருந்து இறங்குபவர் பின்னால் திரும்பிப் பார்த்து இறங்க மாட்டார். இடிபடுவது அவர், விழுவது நீங்கள்.

பஸ் ஓடும்போதும் இடதுபக்கம் மோசமான இடம். நீள வண்டி இடது திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, மூலையை ஒட்டி உள்ளே வெட்டும். அதனால்தான் ஓட்டுநர் முதலில் வலதுபக்கம் அகல விலகி அப்புறம் இடது ஒடிப்பார். அந்த விலகலைப் பார்த்து 'நமக்கு வழி விட்டுட்டார்' என்று உள்ளே நுழைபவரைப் பின்சக்கரம் நெருக்கும். கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர், மணலி சாலைகளில் இது தினசரி ஆபத்து. பஸ்ஸோ லாரியோ வலதுபக்கம் விலகினால் பின்னால் நின்று விடுங்கள், அது திரும்பி முடிக்கட்டும்.

"நின்ன காரோட கதவு திடீர்னு திறந்தா என்ன பண்ண முடியும்?"

திறந்த பிறகு ஒன்றும் முடியாது. 40 வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். திறப்பதற்கு முன்னால்தான் வேலை. கதவு சுமார் ஒரு மீட்டர் வெளியே வரும், கைப்பிடி அகலத்தையும் சேர்த்தால் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அவ்வளவு இடம் கிடைக்காத கடைத்தெருவில் 20-க்கு இறங்குங்கள்.

இப்போதுதான் நின்ற கார், பிரேக் லைட் அப்போதுதான் அணைந்த கார், உள்ளே தலை தெரியும் கார், பள்ளி வாசலில் நிற்கும் வேன், டாக்ஸி: இவை திறக்கும் கதவுகள். சிக்னலில் நிற்கும் ஆட்டோவிலிருந்தும் வலதுபக்கம் இறங்குவார்கள், மறந்துவிடாதீர்கள்.

"சந்துல இருந்து கார் மூக்கை நீட்டுது. பார்த்தாரா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

கண்ணைப் பார்க்காதீர்கள், ஏனென்று முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டோம். முன்சக்கரத்தைப் பாருங்கள். கார் நகர்கிறதா என்பது உடலில் தெரிவதற்கு முன் சக்கரத்தின் சுழற்சியில் தெரிந்துவிடும். சக்கரம் நிற்கிறது என்றால் தொடரலாம், விரல் பிரேக்கில் இருக்க. உருண்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள்.

நெருங்கும்போது லேனுக்குள்ளேயே அவரிடமிருந்து விலகும் பக்கமாக மெல்ல நகர்வதும் பலன் தரும். நேர்கோட்டில் வரும் புள்ளி அசையாத புள்ளி போலத் தெரியும் அல்லவா, பக்கவாட்டு அசைவு அதைக் கலைக்கும். அவருடைய தூணின் மறைவிலிருந்தும் வெளியே வருவீர்கள். பாம்பு போல வளைந்து ஓட்டச் சொல்லவில்லை, ஒரே ஒரு நகர்வு. பெட்ரோல் பங்க் வாசல், கல்யாண மண்டபம், டாஸ்மாக் கடை இருக்கும் தெருமுனை ஆகியவற்றில் யாரும் தெரியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

"என் வண்டில ஏபிஎஸ் இருக்கு. டக்குனு நின்னுடாதா?"

2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ்ஸும், மற்றவற்றில் ஏபிஎஸ் அல்லது இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ்ஸும் கட்டாயமாயின. ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவிடாது. நீங்கள் யோசிக்க எடுத்துக்கொள்ளும் ஒரு விநாடியை அது திருப்பித் தராது.

காய்ந்த தார்ச் சாலையில், நல்ல பிரேக்கோடு கணக்குப் போட்டால்: 60 வேகத்தில் உணர்ந்து விரல் இழுப்பதற்குள் 17 மீட்டர், நிற்க இன்னும் 23 மீட்டர், ஆக 40 மீட்டர். 40 வேகத்தில் மொத்தமே 21 மீட்டர். இன்னொரு விதமாகப் பார்த்தால் இது உறைக்கும்: 40-ல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தில், 60-ல் வந்தவர் இன்னும் 54 வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். சந்திப்பை நெருங்கும்போது பத்து கிலோமீட்டர் வேகம் குறைப்பதும் விரலைப் பிரேக்கில் வைப்பதும் எந்தக் கருவியையும் விடப் பெரிது. முன் பிரேக்கைக் கண்டு பயப்படுபவர்கள் காலி மைதானத்தில் பழகுங்கள், நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

"சிக்னல்ல கடைசி ஆளா நிக்கிறேன். பின்னாடி வர்றவன் நிக்கலைன்னா?"

நின்றதும் நியூட்ரலில் போட்டு மொபைலைப் பார்க்காதீர்கள். முதல் கியரில், கிளட்ச் பிடித்து, கண்ணாடியில் பின்னால் வருபவர் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டு விளக்கை மின்னவிடுங்கள். முன்காரின் நேர் பின்னால் நிற்காமல் அதன் ஓரத்துக்கு நேராக, ஒரு வண்டி நீளம் விட்டு நின்றால் தப்பிக்க ஒரு சந்து கிடைக்கும். பின்னால் ஒரு கார் வந்து நின்ற பிறகு மூச்சு விடலாம், இனி அது உங்களுக்கு மதில்.

வரிசைக்கு முன்னால் போய் நிற்பது நல்லதுதான், வண்டிகள் முழுதாக நின்றிருக்கும்போது மட்டும். விளக்கு பச்சையாகும் தருணத்தில் இரண்டு பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

"ரெண்டு வழி ஹைவேல வலதுபக்கம் ஊருக்குள்ள திரும்பணும். நடுவுல நின்னா பயமா இருக்கு."

பயம் நியாயமானது. நடுக்கோட்டில் நிற்கும் பைக்கைப் பின்னால் 80-ல் வருபவர் தாமதமாகத்தான் உணர்வார், ஓவர்டேக் செய்துகொண்டு வருபவருக்கு அது அவருடைய வழியிலேயே இருக்கும். திரும்பும் இடம் வருவதற்கு முன் இடதுபக்கம் ஓரங்கட்டி நில்லுங்கள். இருபுறமும் காலியானதும் ஒரே மூச்சில் குறுக்கே போங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும்.

நான்குவழிச் சாலையில் டிவைடர் இடைவெளிக்குச் சோம்பிக்கொண்டு ராங் சைடில் வருவதைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறும் கார்க்காரர் வலதுபக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஏறுவார். நீங்கள் இடதுபக்கத்திலிருந்து வருவீர்கள்.

"எதிர்ல ஒரு கார் ஓவர்டேக் பண்ணிக்கிட்டு என் லேன்லயே வருது. நான் ஏன் ஒதுங்கணும்?"

சட்டப்படி ஒதுங்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்க ஒதுங்க வேண்டும். அவர் கணக்கே 'பைக்தானே, ஓரம் போயிடும்' என்பதுதான். ஒளியை ஒருமுறை மின்னவிட்டு, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்துக்கு வாருங்கள். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே பல இடங்களில் நாலு விரல் படி இருக்கும். வேகமாக இறங்கினாலோ, சாய்வாகத் திரும்ப ஏற முயன்றாலோ சக்கரம் மாட்டி வழுக்கும். இறங்கிவிட்டால் மண்ணிலேயே வேகம் இறக்கி, அகலமான கோணத்தில் ஏறுங்கள். ஒரு வண்டி கடந்ததும் திரும்பி வந்துவிடாதீர்கள், அதன் வாலைப் பிடித்து இன்னொன்று வரும்.

"நான் காரை ஓவர்டேக் பண்றப்போ அவர் வேகத்தைக் கூட்டுறார். விடக்கூடாதா?"

விட்டுவிடுங்கள். வலதுபக்கமாக, இண்டிகேட்டர் போட்டு, வேக வித்தியாசம் 15 கிலோமீட்டராவது இருக்கும்போது தாண்டுங்கள். நூறு சிசி வண்டிக்கு 70-க்கு மேல் அந்த மிச்ச சக்தி இருக்காது, பின்னால் ஆள் இருந்தால் இன்னும் இருக்காது. தாண்டிய பிறகு அவர் முழு முன்பக்கமும் உங்கள் கண்ணாடியில் தெரிந்தபின் லேனுக்கு வாருங்கள். முன்னால் கட் அடித்து உடனே பிரேக் பிடித்தால் அதற்கு அவர் பொறுப்பல்ல.

"மழையில, ராத்திரியில இதெல்லாம் மாறுமா?"

இடைவெளி இரட்டிப்பாகும், மற்றவை மாறாது. காரின் பின்கண்ணாடி பனிமூட்டமாகவும் பக்கக் கண்ணாடி நீர்த்துளிகளாகவும் இருக்கும், ஆகவே அவருக்கு நீங்கள் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மழையில் தார்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கும். வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும். எதிரே ஹை பீம் வந்தால் திரும்ப ஹை பீம் அடித்துப் பழிவாங்காமல் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

"பின்னாடி வீட்டுக்காரம்மாவும் குழந்தையும் இருந்தா?"

பின்பாரம் ஏறினால் முன்விளக்கு மேல்நோக்கித் தூக்கும், எதிரே வருபவர் கண் கூசும். முன்விளக்கைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், டயரில் காற்றைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கூட்டுங்கள். நிறுத்தும் தூரமும் நீளும். பின்னால் இருப்பவருக்கும், நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தைக்கு ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

"கட் அடிச்சவனைத் துரத்திப் போய் நாலு வார்த்தை கேட்டா என்ன?"

துரத்தும்போது மேலே சொன்ன எதையும் நீங்கள் செய்ய மாட்டீர்கள்: இடைவெளி போகும், கண்ணாடி பார்ப்பது போகும், அவருடைய மறைவிடத்திலேயே ஒட்டிப் போவீர்கள். அவரிடம் ஒரு டன் இரும்பு இருக்கிறது. கண்ணாடியில் தட்டினால் பதறி ஸ்டியரிங்கை உங்கள் பக்கமே ஒடிக்கவும் கூடும். அதற்கு மாறாக, வழிவிட்ட ஒருவருக்குக் கை தூக்கி நன்றி காட்டிப் பாருங்கள். அடுத்த பைக்குக்கும் அவர் விடுவார்.

"நானே காரும் ஓட்டுறேன். அப்போ என்ன பண்ணணும்?"

சந்திப்பில் இரண்டு முறை பாருங்கள், இரண்டாம் முறை மெதுவாக. தூணுக்குப் பின்னால் பார்க்க உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். இடது திரும்பும் முன் இடதுபக்கக் கண்ணாடியையும் தோளுக்குப் பின்னாலும் பாருங்கள், அந்தச் சந்தில் ஒருவர் நிச்சயம் இருப்பார். கதவை இடது கையால் திறங்கள். வலப்பக்கக் கதவுக்கு இடது கையை நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார். பின்சீட்டில் இடதுபக்கம் உட்காரும் பிள்ளைகளுக்கு அதே பழக்கம், வலது கையால்.